ஆடிப்பெருக்கன்று எடுத்த அடுக்குப்படம்

“கழட்டிக் குடுத்துட்டுப் போங்கம்மா, ஒரு வாரத்துல அச்சு எடுத்துட்டுத் திருப்பிக் குடுத்துடறன்” என்று தர்மபுரிக் கடைவீதியில் அந்தப் பத்தர் சொன்னதும், அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். கை தன்னால் கழுத்துக்குப் போனது.

“என் வூட்டுக்காரரு வெளியலதாங்க நிக்கறாரு. டீ குடிச்சிக்கிட்டு” என்றாள்.

பத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, நகை வாங்கி வைக்கிற தொழில் பேச்சு அப்படி வந்துவிட்டது. ஆனால் கேட்டது தாலியை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா டீ கிளாசோடு உள்ளே எட்டிப் பார்த்து, ஏதாவது வாங்கியாகிவிட்டதா என்று கையாலேயே கேட்டார். அம்மா அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

அண்ணனுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தோம். மண்டபம், சமையல், பத்திரிகை எதிலும் அம்மா தலையிடவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மருமகள் கழுத்தில் ஏறும் தாலி தன் தாலி மாதிரியே இருக்க வேண்டும். எங்கள் வகையறாவில் தாலி என்பது வட்டமான பொட்டு. ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தது போல நடுவில் புடைத்திருக்கும். ஓரத்தில் மணி மணியாக ஒரு வரிசை, நடுவில் ஓர் உருவம். அம்மாவுக்கு அதைச் செய்துகொடுத்தவர் இப்போது இல்லை. அவர் வைத்திருந்த அச்சு எங்கே போனது என்று அவர் வீட்டாருக்கே தெரியாது. பெரியப்பா, சித்தப்பா வீட்டுக் கல்யாணங்களில் எல்லாம் கடையில் இருந்த மாடலைப் பார்த்துத் தாமரை, பிள்ளையார் என்று வாங்கிவிட்டார்கள். அந்தக் கல்யாணங்களுக்குப் போகும்போதெல்லாம் அம்மா பந்தியில் இலையைப் பார்க்க மாட்டாள், பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

“அச்சு வெட்டறது சேலத்துலம்மா. மிஷின்ல வெட்டறான். அவனுக்குப் படம் அனுப்பினாப் போதும். ஆனா ஓரமும் நடுவும் ஒண்ணா தெளிவாத் தெரியணும்” என்றார் பத்தர்.

அண்ணன் அங்கேயே தன் போனில் எடுத்துக் காட்டினான். நடு தெரிந்தால் ஓரம் பனி மூட்டமாக இருந்தது. ஓரம் தெரிந்தால் நடு மஞ்சள் குழம்பு. பத்தர் ஒரு லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு குனிய வந்தார். அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். அதற்கப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்று, இன்று தக்காளி டெம்போ ஓட்டுகிறான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை. குடும்பத்தில் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில், செய்து வந்த உதிரிபாகங்களில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. சின்னதைப் பெரிதாக்கிப் பார்க்கிற புத்தி அங்கே பிடித்தது. செகண்ட் ஹேண்டில் ஒரு கேமரா வாங்கி, லென்ஸைத் திருப்பி மாட்டி, சனி ஞாயிறு காரிமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தால் எறும்பு, சிலந்தி, பொறிவண்டு என்று வேலியோரம் படுத்துக்கிடப்பேன்.

“கல்யாணம் எடுப்பியாப்பா?” என்று ஊரில் கேட்பார்கள்.

“இல்லீங்க. எறும்பு.”

“எறும்பு எதுக்குப்பா போட்டோ எடுத்துக்கப் போவுது?”

அவ்வளவு கிட்டப் போய்ப் படம் எடுப்பதில் ஒரு தொல்லை இருக்கிறது. எறும்பின் கண் தெளிவாக இருந்தால் அதன் கொடுக்கு மங்கிவிடும், கொடுக்கைப் பிடித்தால் கண் போய்விடும். லென்ஸுக்கு ஒரு நேரத்தில் தெளிவாகத் தெரிவது ஒரு தாளின் தடிமன்கூட இல்லை. அதனால் ஒரே படத்தில் முடிக்காமல், கேமராவை முடி அளவு முடி அளவாக முன்னே நகர்த்தி ஏகப்பட்ட படங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் தெளிவாக விழுந்த இடத்தை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, முழுசும் தெளிந்த ஒரே படமாக்கித் தரும்.

இதைக் கையால் திருகித் திருகி எடுத்துப் பார்த்தேன். முழங்கை வலித்ததுதான் மிச்சம். அப்புறம் உயிரை விட்ட ஒரு பிரிண்டரைக் கழற்றி, அதன் மோட்டாரையும் தண்டவாளத்தையும் எடுத்து, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு மாட்டி, தானே நகரும் மேடை ஒன்று செய்தேன். பட்டனைத் தட்டினால் போதும். மோட்டார் ஒரு பொட்டு நகரும், ஆட்டம் அடங்கும்வரை காத்திருக்கும், கேமரா தானே ஒரு முறை ‘டக்’ என்னும். மறுபடி நகரும். நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாலே போதும். முதல் முறை அது கடைசிவரை ஓடி முடித்தபோது நான் தனியாகக் கை தட்டினேன்.

நிபந்தனை ஒன்றுதான். எதுவும் அசையக் கூடாது. செத்த எறும்பு அசையாது. அம்மா எறும்பு இல்லை என்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துகொண்டேன்.

அவளைப் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்து, தாலியை நெஞ்செலும்பின் மேல் ஒரு கறுப்புத் துணியில் வைத்து, மேடையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்தேன். மூச்சு விட்டால் தாலி ஏறி இறங்கியது. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடிக்கச் சொன்னேன். அம்மா நல்ல மாணவி. கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணாலேயே கேட்பாள், விடலாமா என்று.

“டேய், மொதல்ல மாமியாரா ஆவட்டும்டா. அதுக்குள்ள மேல அனுப்பிச்சிடாத” என்றான் அண்ணன், வாசற்படியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டே.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்த மூச்செல்லாம் வெடித்து, தாலி உருண்டு தோளுக்குப் போயிற்று.

“சிரிக்காதம்மா!”

“அவன வெளிய போவச் சொல்லு, நான் சிரிக்கல.”

அண்ணனை வெளியே அனுப்பினோம். சிரிப்பும் அடங்கியது, மூச்சும் அடங்கியது. நெஞ்சுத் துடிப்பு மட்டும் அடங்கவில்லை. அதை யார் நிறுத்துவது? கம்ப்யூட்டர் அத்தனை படத்தையும் அடுக்கிக் கொடுத்ததைப் பார்த்தால், ஓரத்து மணிகள் மூன்று நான்கு சுற்றாகப் பின்னிக் கிடந்தன.

“ஜிலேபி நல்லா வந்திருக்குது” என்றார் அப்பா.

அண்ணன் தன் பங்குக்கு, அம்மா கழுத்தில் இருந்தபடியே தாலியைக் குளியல் சோப்பில் அமுக்கிப் பார்த்தான். தினமும் பூசும் மஞ்சள் பள்ளத்தில் எல்லாம் இறுகிப்போயிருந்ததால் சோப்பில் ஒரு குழிதான் விழுந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்து, சோப்பைத் துடைத்துக்கொண்டே கயிற்றைப் பார்த்தாள்.

“இதும் நஞ்சி போச்சு. பதினெட்டுக்கு மாத்தணும்.”

ஆடிப் பதினெட்டுக்கு ஊரில் எல்லாப் பெண்களும் தாலிக்கயிறு மாற்றுவார்கள். அம்மா வருஷா வருஷம் பஸ் ஏறி ஒகேனக்கல் போய், காவிரியில் முழுகி, கரையிலேயே உட்கார்ந்து மாற்றிக்கொண்டு வருவாள். சின்ன வயசிலிருந்து கூடவே போயிருக்கிறேன். என் கவனமெல்லாம் மீன் வறுவல் மேலேயே இருந்ததால், கயிறு மாற்றுவதை ஒரு நாளும் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

“மாத்தும்போது தாலி எங்கம்மா இருக்கும்?”

“கையிலதான்.”

“அப்ப கழுத்துல?”

“மொதல்ல புதுக்கயித்துல மஞ்சாத் துண்டு ஒண்ணு கட்டிக் கழுத்துல போட்டுக்குவன். அதுக்கப்பறம்தான் பழச எடுக்கறது. கழுத்து வெறுமையா இருக்கலாமா?”

“கையில எவ்ளோ நேரம் வெச்சிருக்கலாம்?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை போல. யோசித்தாள். “நேரமெல்லாம் யாரும் சொல்லல. மாத்தி முடிக்கற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது. அவ்ளோதான்.”

நான் பாயைச் சுற்றி ஒரு நடை நடந்தேன்.

“அப்படின்னா நீ எந்திரிக்காம உக்காந்திருந்தா போதும்?”

“எதுக்குடா?” என்றவளுக்குக் கேட்கும்போதே புரிந்துவிட்டது. “காவேரிய வுட்டுட்டு வூட்லயா மாத்தச் சொல்ற?”

ஆற்றங்கரைக் காற்றும் கூட்டமும் என் மேடைக்கு ஒத்துவராது என்று எவ்வளவோ சொன்னேன். அவள் அசையவில்லை. அண்ணன்தான் வழி பண்ணினான். முந்தின நாள் டெம்போவை ஒகேனக்கலுக்கு விட்டு, இரண்டு குடம் காவிரித் தண்ணியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான். “இந்தா, உன் காவேரி. முழுகிக்க” என்றான். அம்மா ஒரு குடத்தைத் தொட்டுக் கும்பிட்டாள். “சலசலன்னு சத்தம் வரலியே” என்றாள். ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

சேலத்துக்காரன் ஆடி முடிவதற்குள் படம் கேட்டிருந்தான். இந்த வாய்ப்பு தவறினால் அம்மா மறுபடி கயிறு மாற்ற அடுத்த ஆடி வர வேண்டும். இல்லையென்றால் தாமரைதான், பிள்ளையார்தான்.

பதினெட்டாம் தேதி காலையில் முன் அறையைக் காலி பண்ணினேன். மேஜை ஆடும் என்பதால் தரையில் அம்மிக்கல்லை உருட்டிவந்து போட்டு, அதன் மேல் மேடையைப் பொருத்தினேன். எங்கள் வீட்டில் அதைவிட அசையாத பொருள் கிடையாது. ஃபேன், டிவி எல்லாம் நிறுத்தம். இரண்டு எல்.இ.டி. விளக்குக்கு முன்னால் டிரேசிங் பேப்பர். அப்பா வாசலில் காவல். அவருக்கு இன்னொரு வேலையும் சேர்ந்தது. அம்மா எழுந்திருக்க முடியாதாகையால் அடுப்பில் இருந்த பாயசம் அவர் பொறுப்பு.

அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். புதுக்கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டு முடிந்தாள். பழைய கயிற்றைத் தலைவழியாக எடுத்து, தாலியை உருவி, என் உள்ளங்கையில் வைத்தாள். இத்தனை வருஷம் கண்ணெதிரே இருந்ததை முதல் முறையாகக் கையில் வாங்குகிறேன். இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் திரும்பி அம்மிக்கல்லுக்குப் போவதற்குள் அவள் கை இரண்டு தடவை கழுத்து மஞ்சளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

கேமரா வழியாகப் பார்த்தேன். கண் கூசியது. வெள்ளை வெளேரென்று ஒரு சூரியன்.

“அம்மா, தாலிய என்னா பண்ண?”

“நீ படம் புடிக்கறன்னியே. புளி போட்டு நல்லா வெளக்குனன். அழுக்காவா காட்டுவாங்க?”

மஞ்சள் அழுக்கு பள்ளத்திலிருந்து போய்விட்டது, நல்லதுதான். ஆனால் பளபளப்பில் மேடு எது பள்ளம் எது என்று தெரியவில்லை. தேய்ந்த பொன், பளிச்சென்ற பொன். விளக்கை இப்படி வைத்தேன், அப்படி வைத்தேன், பேப்பரை இரண்டாக மடித்தேன். சரி என்று ஒரு முறை முழுசாக ஓடவிட்டேன். நகர்ந்து, நின்று, டக். நகர்ந்து, நின்று, டக். நடுவில் ‘உர்ர்’ரென்று தரையே அதிர்ந்தது. அம்மாவின் போன். அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் வைப்ரேஷனில் துள்ளிக்கொண்டிருந்தது.

“சம்பந்தியம்மா!” என்றாள் அம்மா, திரையில் இருந்த பெண்ணின் அம்மா படத்தைப் பார்த்து.

“எடுக்காதம்மா!”

“எடுக்காம இருந்தா என்னா நெனப்பாங்க?” என்று சொல்லிக்கொண்டே போனை எட்டி எடுத்து மடியில் போட்டு, புடவைக் கொசுவத்தால் பொத்திக்கொண்டாள். அது அவள் மடியிலேயே உறுமி உறுமி ஓய்ந்தது.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல். “ஏ புள்ள, பாயசம் கொதிச்சிப்போச்சு. வெல்லம் இப்பப் போடறதா, எறக்கிட்டா?”

“எறக்கிட்டுங்க! கிண்டிக்கிட்டே இருங்க! வாசல்ல யாரு இருக்கறா?”

“யாரும் இல்ல. நான் இங்கதான இருக்கறன்.”

முதல் ஓட்டம் வீண். எடுத்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். போன் அதிர்ந்ததை விடுங்கள், அதிராத படங்களிலும் உருவம் இல்லை. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வரலியாடா?” என்று ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

“சரி வுடு. குடு இங்க” என்று கையை நீட்டினாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தாலியை வாங்கி, கயிற்றில் கோப்பதற்கு முன் எப்போதும் செய்வது போல மஞ்சளும் குங்குமமும் வைத்தாள். குங்குமத்தைக் கொஞ்சம் தாராளமாகவே அப்பிவிட்டாள்.

“அய்யோ, இன்னொரு தடவ பாக்கலாம்னு இருந்தனே, அதுக்குள்ள ஏம்மா பூசுன?” என்று பிடுங்காத குறையாக வாங்கி, என் லுங்கி முனையால் துடைத்தேன்.

துடைத்த கை அப்படியே நின்றது. மேடெல்லாம் பொன்னாகவும், குங்குமம் தங்கிய பள்ளமெல்லாம் சிவப்பாகவும் இருந்தது. ஓரத்து மணி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் ஏதோ கோடு கோடாக விரிந்திருந்தது, வெறும் கண்ணுக்கே.

“அம்மா, எந்திரிக்காத!”

“நான் எங்கடா எந்திரிச்சன்?”

மறுபடி அம்மிக்கல். மறுபடி பட்டன். இந்த முறை போனை அண்ணன் எடுத்துக்கொண்டு டெம்போவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். அப்பா கரண்டியைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். நான் மூச்சை அடக்கி நின்றேன். பார்த்தால் அம்மாவும் கன்னம் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

“நீ இப்ப மூச்சு வுடலாம்மா.”

“வுட்டா ஒண்ணும் ஆவாதா?”

“நீ அங்க இருக்கற, தாலி இங்க இருக்குது.”

“எனக்கு அப்பிடித் தெரியல” என்றாள் அம்மா.

கடைசி ‘டக்’ விழுந்ததும் தாலியைக் கொடுத்தேன். இன்னொரு புதுக்கயிற்றில் கோத்து, கழுத்தில் போட்டு, கும்பிட்டுவிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள். கால் மரத்துப்போய்விட்டது. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். அவள் நேராக அடுப்புக்குத்தான் நொண்டிக்கொண்டு போனாள். பாயசம் அடிப்பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் அடுக்க நேரம் எடுத்தது. திரையில் பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போவதை நால்வரும் தீய்ந்த பாயசத்தைக் குடித்துக்கொண்டே பார்த்தோம். கோடு முடிந்ததும் படம் வந்தது. திரை நிறையத் தாலி. முன்னும் பின்னும் மங்கல் என்பதே இல்லை. கவிழ்ந்த கிண்ணத்தின் உச்சியும் தெளிவு, அடியோரமும் தெளிவு. குங்குமத் துகள்கூடத் தனித்தனியாக எண்ணலாம். அம்மாவின் சோப்புத் தேய்ப்பும், ஜாக்கெட் உரசலும், சின்னச் சின்னக் கீறலாக மேலெல்லாம் ஓடியிருந்தன.

நடுவில் ஒரு தண்டு. அதிலிருந்து மேலே விரிந்து உள்ளே வளைந்த விரல்கள்.

“தென்னமரம். நான்தான் கல்யாணத்தன்னிக்கே பாத்தனே” என்றார் அப்பா.

அம்மா திரைக்குக் கிட்டப் போனாள். முகம் வாடியது. “இது என்னுது இல்லியே. என்னுதுல தொங்குவெளக்குல்ல இருக்கும்? மேல சங்கிலி, கீழ தீபம் தீபமா?”

“உன்னுதுதாம்மா. இப்பத்தான கழட்டிக் குடுத்த.”

“எனக்குத் தெரியாதா? வெளக்குடா. தெனமும் குனிஞ்சு பாக்கறனே!”

குனிந்து பார்க்கிறாள். அந்தச் சொல்லில் எனக்கு விஷயம் விளங்கி, திருப்பிக் காட்ட வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். சார்ஜர் வயர் பிய்ந்து வந்தது.

“அய், வெளக்கு!” என்றாள் அம்மா.

இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரே பொருளை எதிரெதிராகப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அப்பா லேப்டாப்பை இறக்கவே இல்லை. “தென்னமரம்” என்று நேராகப் பிடிப்பார், “வெளக்கு” என்று கவிழ்ப்பார். ஒரு கட்டத்தில் நான் கெஞ்சி வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வாரம் பத்தரிடம் படத்தைக் காட்டியபோது அவர் தென்னையும் சொல்லவில்லை, விளக்கும் சொல்லவில்லை. “ராகிக் கருது தம்பி இது” என்றார், கேழ்வரகுக் கதிரேதான் என்று சந்தேகமே இல்லாமல். பிறகு விரலால் பெரிதாக்கிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். இடது பக்கத்துக் கடைசி விரல் மற்றதைவிடக் குட்டையாக இருந்தது.

“இது தேஞ்சு போனதா, செய்யும்போதே குட்டையா செஞ்சதா? தேஞ்சதுன்னா நீட்டிடச் சொல்றன்.”

நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். தினம் விரிசல் பார்க்கிற கண் அங்கே உதவியது. தேய்ந்து போயிருந்தால் முனை சரிந்து மறைந்திருக்கும். இது மற்ற விரல்களைப் போலவே உருண்டு, வளைந்து, விளிம்போடு முடிந்திருந்தது. பள்ளத்துக் குங்குமம் அந்த முனையைச் சுற்றி வந்திருந்தது.

“செஞ்சதே இப்பிடித்தாங்க” என்றேன். இருந்தாலும் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவள் தக்காளித் தோட்டத்தில் இருந்தாள்.

“குட்டையாவே போடச் சொல்லு” என்றாள். “நீட்டுனா அது வேற தாலி.”

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அண்ணன் முடிச்சுப் போட்டு, மேளம் அடங்கி, அட்சதை எல்லாம் தலையிலிருந்து உதிர்ந்த பிறகு, அம்மா அண்ணியின் கழுத்துக் கயிற்றை நேர்ப்படுத்தப் போனாள். நேர்ப்படுத்தவில்லை. புதுத் தாலியின் மேல் ஒரு கட்டை விரலையும் தன் தாலியின் மேல் இன்னொரு கட்டை விரலையும் வைத்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருந்தாள். ஓரத்து மணிகள், தண்டு, விரல்கள், அந்தக் குட்டை விரல். இரண்டு கட்டை விரலும் ஒரே நேரத்தில் அங்கே வந்து நின்றன. தலையை ஆட்டிக்கொண்டாள்.

அண்ணி அவள் காதோரம் குனிந்தாள். “அத்த, ஓரமெல்லாம் குத்துதுங்க.”

“குத்துதா?” அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “குத்தும், குத்தும். என்னுதும் இப்பிடித்தான் குத்துச்சு. மஞ்சா பூசப் பூச வழவழன்னு ஆயிடும். வா, பந்தியில எடம் புடிக்கலாம்.”